1901 கணக்கெடுப்பில் எள்ளுத்தாத்தா பேர் கிடைக்குமா? (தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா)

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போறவ நான். இன்னிக்குத்தான் எழுதத் துணிஞ்சேன்.

என் தம்பி மகன் லண்டன்ல இருக்கான், கட்டியிருக்கிறது அந்த ஊர்ப் பொண்ணு. போன மாசம் வீடியோ கால்ல அந்தப் பொண்ணு ஒரு தாளைக் காட்டினா. 1881-ல அவங்க ஊர்ல எடுத்த கணக்கெடுப்பு. ஒரே வீட்டுல வரிசையா ஏழு பேர். குடும்பத் தலைவர், பொண்டாட்டி, பிள்ளைங்க, வயசு, தொழில், பிறந்த ஊர் எல்லாம் கையெழுத்துல இருக்கு. கடைசி வரியில மூணு மாசக் குழந்தை. அந்தக் குழந்தைதான் அவளோட எள்ளுப்பாட்டியாம். பார்த்ததும் எனக்கு வந்த பொறாமை இருக்கே, சொல்லி மாளாது.

எங்களுக்குப் பூர்வீகம் நன்னிலம் தாலுகாவுல ஒரு சின்ன ஊர். தாத்தா வரைக்கும் தெரியும். அவருக்கு மேல கொள்ளுத்தாத்தா பேர் தெரியும், எள்ளுத்தாத்தா பேரும் தெரியும் (தாத்தாவுக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க). அதோட சரி. எங்க அப்பாயி மட்டும் ஒரு கதை சொல்லும். "நாம இந்த மண்ணு இல்லடி. தாது வருஷப் பஞ்சத்துல மேக்கேருந்து நடந்தே வந்தவங்க. காவேரித் தண்ணியப் பார்த்துட்டு அங்கயே ஒக்காந்துட்டாங்க"ன்னு. எங்க அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்காது. மிராசு குடும்பத்துக்குப் பஞ்சம் பொழைக்க வந்த கதை எதுக்குன்னு கேட்பார்.

என் கேள்வி இதுதான். 1901 கணக்கெடுப்புல எள்ளுத்தாத்தா வீட்டுத் தாள் எங்க கிடைக்கும்? எழும்பூர் ஆவணக் காப்பகமா, டெல்லியா? யாருக்கு எழுதணும்?

வழிப்போக்கன் | ஞாயிறு இரவு

ஆர்.டி.ஐ. போடுங்க மேடம். பத்து ரூபாய் ஸ்டாம்பு, முப்பது நாள்ல பதில் வரணும்.

ரிட்டயர்டு ஆர்.ஐ. | திங்கள் காலை

வழிப்போக்கன் தம்பி, பத்து ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

அம்மா, நான் வருவாய்த்துறையில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1901-இல் உங்கள் எள்ளுத்தாத்தாவை எண்ணியிருப்பார்கள். பெயரும் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தத் தாள் இன்று பூமியில் இல்லை. நம் நாட்டில் வீடு வீடாக எழுதிய படிவங்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை அச்சானதும் அழித்துவிடுவதுதான் வழக்கம். 1871-இல் மதராஸ் ராஜதானியில் எடுத்தது, 1881-இல் நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்தது, பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தது எல்லாவற்றிலும் நமக்கு மிஞ்சியது அறிக்கையும் எண்களும்தான். ஆள் பெயர் கிடையாது. பிற்காலத்துப் படிவங்களுக்கு 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது. அதைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை, கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது.

இங்கிலாந்தில் நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கிறார்கள். 1921 தாள்கள் 2022 ஜனவரியில் வெளியே வந்தன. அமெரிக்காவில் 72 வருஷம். அங்கேயும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் 1931 தாள்கள் அத்தனையும் 1942-இல் நெருப்பில் போய்விட்டன.

இன்னொன்று. நம் தாள்கள் இருந்திருந்தால்கூட உங்கள் எள்ளுப்பாட்டி அதில் அகப்பட்டிருப்பார் என்பது நிச்சயமில்லை. பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் மறுத்தால் "பெண்" என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்துக் கணக்கெடுப்பாளருக்கு விதியே இருந்தது.

சாயங்காலம் மீதியை எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை | திங்கள் காலை

ஐயா, படிச்சதும் மனசு விட்டுப்போச்சு. ஆனாலும் நன்றி. "பெண்" என்கிற அந்த ஒரு வார்த்தைதான் ரொம்ப உறுத்துது.

சோழமண்டலம்_77 | திங்கள் மதியம்

எங்க வீட்ல இதைவிடப் பழசு இருக்கு. 1304-ஆம் வருஷத்துப் பட்டா! எங்க பெரியப்பா லேமினேஷன் பண்ணி மாட்டி வச்சிருக்காரு. பாண்டியர் காலம்!! போட்டோ போடுறேன்.

ரிட்டயர்டு ஆர்.ஐ. | திங்கள் மாலை

தம்பி, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1304-க்கு முன்னால் "பசலி" என்று இருக்கிறது. அது வருவாய்த்துறைக் கணக்கு வருஷம். பசலியோடு 590 கூட்ட வேண்டும். பசலி வருஷம் ஜூலையில் பிறந்து அடுத்த ஜூனில் முடியும். ஆகவே உங்கள் பட்டா 1894 ஜூலைக்கும் 1895 ஜூனுக்கும் இடைப்பட்டது. பாண்டியருக்கும் பெரியப்பாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் லேமினேஷன் செய்தது பெரிய பிழை. அந்தப் பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க முடியாது, உள்ளே காகிதம் வெந்துவிடும்.

சோழமண்டலம்_77 | திங்கள் மாலை

பெரியப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.

ரிட்டயர்டு ஆர்.ஐ. | திங்கள் இரவு

காலையில் விட்ட இடத்திலிருந்து.

பெயர் இல்லையென்றாலும் கணக்கெடுப்பு எண்கள் உங்கள் அப்பாயி கதையைத் தொட்டுப் பார்க்க உதவும். தாது வருஷம் என்பது 1876-77. சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம், 1881-இல் 16 லட்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் பாதி, ஊரை விட்டவர்கள் பாதி என்றெல்லாம் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே பத்து வருஷத்தில் தஞ்சாவூர் ஜில்லா 19 லட்சத்து 74 ஆயிரத்திலிருந்து 21 லட்சத்து 30 ஆயிரமாக ஏறியிருக்கிறது. மானம் பார்த்த பூமி வறண்டது, ஆற்றுப்பாசனம் ஓரளவு தாங்கியது. "மேற்கேயிருந்து வந்தோம்" என்பது வெறும் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது காகிதத்துக்கு வருவோம். சர்க்கார் ஒருவன் பெயரை எழுதியது, ஒன்று அவனிடம் வரி வாங்க, அல்லது அவனுக்கு வரியைத் தள்ளிக் கொடுக்க. அந்த இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

நிலம் இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேடு (நிலத்துக்கு வரி நிர்ணயித்தபோது எழுதியது), 'அ' பதிவேடு (எந்த நிலம் யார் பெயரில் என்பது), அடங்கல் (பயிர்க் கணக்கு), பழைய பட்டா. தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகத்து ஆவண அறை, எழும்பூர் என்ற வரிசையில் கேட்கலாம். எந்தக் காலத்துக் காகிதம் எந்த ஜில்லாப் பெயரில் இருக்கும் என்பதில் கவனம் வேண்டும். நன்னிலம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997-லிருந்து திருவாரூர். கிராமக் கணக்குகள் பல ஊர்களில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில்தான் இருந்தன. 1980-இல் அந்தக் கணக்குப்பிள்ளை (கர்ணம்) பதவியை ஒழித்தபோது ஒப்படைத்தவர்களும் உண்டு, ஒப்படைக்காதவர்களும் உண்டு. எடைக்குப் போனதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். தடுக்கவில்லை. அப்போது எனக்கு 26 வயது, அதன் அருமை தெரியவில்லை.

மானிய நிலம், அதாவது வரியைத் தள்ளிக் கொடுத்த இனாம் நிலம், இருந்திருந்தால் அதிர்ஷ்டம். 1858-இல் இனாம் கமிஷன் வந்து, அடுத்த பத்து வருஷத்தில் ஒவ்வொரு மானியத்தையும் பதிவேட்டில் ஏற்றியது. அனுபவிப்பவர் பெயர், வயது, முதலில் மானியம் வாங்கியவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை அதில் உண்டு. இனாம் என்றாலே கோயில், அக்ரஹாரம் என்று நினைக்காதீர்கள். தலையாரி, வெட்டியான், நாவிதர், வண்ணார், தச்சர் என்று ஊழிய மானியமும் அதில் ஏறியிருக்கிறது.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, பத்திரப் பதிவு அலுவலகம். சொத்துப் பத்திரங்களை நகல் எடுத்து வைத்திருக்கும் 1-ஆம் புத்தகம் நிரந்தரமாகக் காக்க வேண்டியது. கணினியில் வில்லங்கச் சான்று 1975-லிருந்துதான் சுலபமாக வரும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணையில் தேட வேண்டும். சர்வே நம்பர் தெரியாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம்.

கடைமடை வாத்தியார் | செவ்வாய் இரவு

ஆர்.ஐ. ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் நிலம் இருந்தவனுக்கு உண்மை. நிலம் இல்லாத குடும்பம் என்ன செய்யும்? கோபமாகக் கேட்கவில்லை, முப்பது வருஷமாக நானே தேடிக்கொண்டிருப்பதால் கேட்கிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்கள் தாத்தா பண்ணையாள், அவர் அப்பாவும் பண்ணையாள். வரி கட்டவில்லை, வாங்கவில்லை, விற்கவில்லை. ஆகவே எந்தப் புத்தகத்திலும் இல்லை. கணக்கெடுப்பு அட்டவணையில் மட்டும் எங்கள் சாதியின் மொத்த எண்ணிக்கைக்குள் இரண்டு பேராகக் கரைந்து கிடக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தின் பெயர் முதன்முதலில் சர்க்கார் காகிதத்தில் வந்தது, எனக்குத் தெரிந்தவரை, 1971 குடியிருப்பு மனைச் சட்டத்தால். குடிசை போட்டிருந்த மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்று ஆன பிறகு தாத்தா பெயரில் பட்டா வந்தது. மூன்று சென்ட். அதை அவர் ஓலைப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் கூரை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். 1977 புயலில் கூரை போனது, பெட்டி வயலில் கிடந்தது. அவர் வீட்டைத் தேடவில்லை, பெட்டியைத்தான் தேடினார். ஓரம் முழுக்கச் சேற்றுக் கறையோடு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலத்து வழக்குக் காகிதங்களில் பண்ணையாட்கள் பெயர் உண்டு. எங்கள் தாத்தா வழக்குப் போடவில்லை. போட்டவர்களுடைய பேரன்கள் தேடலாம்.

அடுத்தது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. தகப்பனார் பெயர், தொழில், ஊர், சாதி எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் பள்ளிப் பழைய பதிவேட்டில் ஒரு வகுப்பே ஜூன் 1-ஆம் தேதி பிறந்திருக்கிறது. பையன் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, மீதியை வாத்தியார் பூர்த்தி செய்துகொள்வார். என் தேதியும் அப்படித்தான். அதை வைத்துத்தான் ரிட்டயர் ஆகியிருக்கிறேன்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் கிறிஸ்தவம் தழுவிய குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு பார்க்கலாம். தரங்கம்பாடியில் மிஷன் தொடங்கியது 1706.

கடைசியாக ஒன்று. எங்கள் ஆட்களின் பெயர் ஊர், தாலுகா, தகப்பன் பெயரோடு வரிசையாக எழுதப்பட்ட இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது, கப்பல் பதிவேடு. இங்கே ஒருவருக்கும் தேவைப்படாத பெயர், கரும்புத் தோட்டத்துக்குத் தேவைப்பட்டது.

நெட்டால் பேரன் | புதன் அதிகாலை

வாத்தியார் ஐயாவுக்குத் தென்னாப்பிரிக்கா, நெட்டால், டர்பனிலிருந்து வணக்கம். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படித்தேன்.

நீங்கள் சொன்னது உண்மை. 1860 முதல் 1911 வரை இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, மதராஸிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று வந்தது. அதில் 342 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம்.

என் பாட்டனுடைய பாட்டன் வரியில் "தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா" வரை சரியாகப் படிக்க முடிகிறது. கிராமம் மட்டும் ஆறு எழுத்து, வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. மன்னார்குடியைச் சுற்றி அந்த ஓசைக்கு நான்கு ஊர்கள் பொருந்துகின்றன. 2014-இல் வந்து நான்கிலும் நின்றேன். எல்லா ஊரிலும் டீ கொடுத்தார்கள்.

அடையாளம் என்ற கட்டத்தில் "இடது முழங்காலில் தழும்பு" என்று இருக்கிறது. அவருக்குப் படம் கிடையாது. எனக்கு அவர் அந்தத் தழும்புதான்.

எச்சரிக்கை ஒன்று. கப்பல் ஏறும்போது பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. கடனுக்குப் பயந்து ஓடியவன் சொந்தப் பெயரைச் சொல்வானா? மொரீஷியஸ் போன குடும்பங்கள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்கலாம். அங்கே சிலருக்குப் புகைப்படம்கூட இருக்கிறது.

பினாங்குக்காரி | புதன் காலை

நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினவங்க பேத்தி நான். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர்) கூட்டிட்டு வந்தவங்களுக்கு நெட்டால் மாதிரி வரிசையாப் பேரு எழுதின புத்தகம் நான் தேடின வரைக்கும் அகப்படல. எங்களுக்குத் தகரப்பெட்டிதான் ஆவணக் காப்பகம். பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, ஊர்லேருந்து வந்த கருமாதிப் பத்திரிகை. ஓரத்துல கறுப்புப் போட்ட பத்திரிகையைக் கிழிச்சுப் போட்டுடணும்னு சொல்வாங்க. எங்க ஆயா கிழிக்கல. பத்திரிகைல பேரன், பேத்தி, சம்பந்தி வரைக்கும் பேரு அச்சுல இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டும் அப்படித்தான்.

காரைக்கால் மேடை | புதன் இரவு

எங்க ஊருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கம்மி, பெருமைக்குச் சொல்லல. காரைக்கால் 1739-ல பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனது. பிறப்பு, இறப்பு, கல்யாணத்தை நகராட்சியில எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்கு ரத்தத்துல ஊறினது. பல பதிவேடு பிரான்சுல ஏக்ஸ் ஆன் புரோவான்ஸ் ஊர்ல இருக்கிற காலனி ஆவணக் காப்பகத்துல ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கான். 1881 செப்டம்பர் ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்துக்குள்ள போனவங்க குடும்பப் பேரு ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. அப்ப பழைய பேர், புதுப் பேர் ரெண்டையும் வச்சுத் தேடணும். நன்னிலம் அக்காவுக்கு இது நேரடியா உதவாது. ஆனா பொண்ணு கொடுத்து எடுத்தது காரைக்கால்லயா இருந்தா சொல்லுங்க.

சோழமண்டலம்_77 | வியாழன்

1931 கணக்கெடுப்புல எங்க ஜாதிதான் தாலுகாவுல முதல் இடம். அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே?

நெறியாளர் | வியாழன்

சாதி எண்ணிக்கைச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். இதற்குக் கீழே வந்த பதினொரு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன்.

வழிப்போக்கன் | வியாழன்

சண்டை இல்லாம ஒரு சந்தேகம். 2027 கணக்கெடுப்பு வருதே, சாதியும் கேட்கப் போறாங்க, எல்லாம் டிஜிட்டல். அதையாவது நம்ம எள்ளுப்பேரனுங்க பார்ப்பாங்களா?

ரிட்டயர்டு ஆர்.ஐ. | வியாழன்

15-ஆம் பிரிவு இருக்கும்வரை பார்க்க முடியாது. எள்ளுப்பேரனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை | மூன்று வாரம் கழித்து

எல்லாருக்கும் நன்றி. ஒரு நல்ல சேதி, ஒரு சந்தேகம்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு மூணு நடை போனேன். முதல் நாள் "அவ்வளவு பழசு எடுக்க ஆள் இல்லை"ன்னாங்க. ரெண்டாவது நாள் மனுவுல என் பேரையே தப்பா டைப் அடிச்சுத் திருப்பிட்டாங்க. மூணாவது நாள் ஒரு சின்ன வயசுக் குமாஸ்தா தம்பி, "பாட்டி பேரைத் தேடுறீங்களாக்கா?"ன்னு கேட்டுட்டு, தானே ஏணி போட்டு ஏறினான். மேல இருந்து விழுந்த தூசியில ரெண்டு பேருக்கும் தும்மல் நிக்கல.

எள்ளுத்தாத்தா பேர்ல 1922-ல ஒரு கிரயப் பத்திரம் கிடைச்சுது! "தஞ்சாவூர் ஜில்லா நன்னிலம் தாலுகா மேற்படி கிராமத்திலிருக்கும்"னு தொடங்கி அவர் பேரு, அவர் அப்பா பேரு. ஆக அவர் 1922 வரைக்கும் உசிரோட இருந்திருக்காரு. குடும்ப மரத்துல ஏத்திட்டேன். சந்தேகம் என்னன்னா, பேருக்கு அப்புறம் "மைனர்"னு ஒரு சொல், பிறகு "கார்டியன் தாயார்"னு வருது. அது வாங்கினவருக்கா, விற்றவருக்கா?

கடைமடை வாத்தியார் | அன்றே

அம்மா, ஏற்றியதை இறக்குங்கள். எள்ளுத்தாத்தாவுக்கு 1922-இல் எப்படியும் ஐம்பதுக்கு மேல் ஆகியிருக்கும், அவருக்கு எதற்குக் கார்டியன்? அது உங்கள் தாத்தா. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் நாட்டில் ஒன்று விட்டு ஒரு தலைமுறைக்கு இதே குழப்பம்தான். கோவிந்தசாமி மகன் வைத்திலிங்கம், வைத்திலிங்கம் மகன் கோவிந்தசாமி என்று போய்க்கொண்டே இருக்கும். பெயரை மட்டும் பார்த்தால் ஒரே ஆள் நூற்றிருபது வருஷம் வாழ்ந்த மாதிரி தெரியும். தகப்பன் பெயர், வயது, கூட யார் கையெழுத்து என்று மூன்றையும் ஒப்பிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை | அன்றே

ஆமாம் ஐயா, அப்பா பேரைத் திரும்பப் பார்த்தேன், கொள்ளுத்தாத்தா பேர்தான். தாத்தாவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. கார்டியனா அம்மா இருக்காங்கன்னா, கொள்ளுத்தாத்தா அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார் போல. இதை எங்க வீட்டுல யாருமே சொன்னதில்லை. தாத்தா அப்பா இல்லாம வளர்ந்தவர்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரிட்டயர்டு ஆர்.ஐ. | மறுநாள்

இடைப்பட்ட காலத்தில் 1918 விஷக் காய்ச்சல் இருக்கிறது. அதுதான் என்று சொல்லவில்லை. மதராஸ் ராஜதானிக்கு 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமத்து இறப்புப் பதிவேடு எங்காவது மிஞ்சியிருந்தால் அதில் தேதியும் காரணமும் இருக்கும். காரணம் பெரும்பாலும் "ஜுரம்" என்றுதான் இருக்கும்.

அதே அட்டவணையில் எள்ளுத்தாத்தா பெயரை விட்டுவிட்டு, பெண்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். பாகப்பிரிவினையில் பெண்கள் வர மாட்டார்கள். செட்டில்மெண்ட் (சொத்தை உறவுக்கு எழுதி வைக்கும் பத்திரம்), தானம், மஞ்சக்காணி (கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் நிலம்) என்று வந்தால் வருவார்கள்.

வெண்ணாற்றங்கரை | ஒன்றரை மாதம் கழித்து

ஆர்.ஐ. ஐயா, உங்களுக்கு நான் ஒரு வேட்டி எடுத்துத் தரணும்.

1889, பத்திரத்துல "விரோதி வருஷம் ஆனி மாதம்". மஞ்சக்காணி தான பத்திரம். நகல்தான், ஆனா அந்தக் காலத்து எழுத்தர் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. புள்ளி மட்டும் வைக்க மாட்டேங்கிறார், மெய்யெழுத்து எது உயிர்மெய் எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கும் என் பொண்ணுக்கும் ரெண்டு ராத்திரி ஆச்சு.

கொடுக்கிறவங்க ஒரு விதவை அம்மாள், எங்களுக்கு உறவே இல்லாத குடும்பம். வாங்குறவங்க எங்க எள்ளுப்பாட்டி, "இன்னார் பெண்சாதி"ன்னு எள்ளுத்தாத்தா பேர் போட்டிருக்கு. பேருங்களை இங்க போடல, வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுறேன். கொடுக்கிறதுக்குக் காரணம் சொல்லியிருக்காங்க. படிச்சதை அப்படியே எழுதுறேன்: "தாது வருஷ க்ஷாமத்தில் சேலம் ஜில்லா நாமக்கல் தாலுகாவிலிருந்து வந்து தாய் தகப்பனில்லாமல் நம்முடைய வீட்டில் ரட்சிக்கப்பட்டு வளர்ந்த நீ". வயசு பதினேழுன்னு போட்டிருக்கு. பஞ்சத்துல நாலஞ்சு வயசு இருந்திருக்கும்.

நிலம் ஒரு மா. ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு.

அப்பாயி சொன்னது பொய் இல்லை. எங்க அப்பா சொன்னதும் பொய் இல்லை. எள்ளுத்தாத்தா குடும்பம் அந்த ஊர்லயேதான் இருந்திருக்கு, நடந்து வந்தது அந்தக் குழந்தை மட்டும். அப்பாயி அதை "நாம"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அப்பாயிக்கு அதைச் சொன்னது யாரா இருக்கும்னு யோசிச்சேன். எள்ளுப்பாட்டி எழுபது வயசு இருந்திருந்தா அப்பாயி இந்த வீட்டுக்கு மருமகளா வந்தப்ப உசிரோட இருந்திருக்கும்.

கடைசியில "எழுதத் தெரியாதபடியால் கீறல்"னு இருக்கு. அது கொடுத்த அம்மாளோடது. எள்ளுப்பாட்டி கைபட்டது எதுவும் அதுல இல்லை.

பினாங்குக்காரி | அன்றே

அழுதுட்டேன் அக்கா. ஆபீஸ்ல இருக்கேன்.

ரிட்டயர்டு ஆர்.ஐ. | அன்றிரவு

வேட்டி வேண்டாம், நான்கெல்லையைப் படித்துப் போடுங்கள். அப்போது இன்றைய சர்வே நம்பர் கிடையாது, எல்லையை வைத்துத்தான் அந்த ஒரு மா இன்று எந்த நம்பரில் இருக்கிறது என்று பிடிக்க முடியும்.

வெண்ணாற்றங்கரை | மறுநாள்

கிழக்கே வாய்க்கால். வடக்கே கொடுத்த அம்மாளோட நஞ்சை. மேற்கே சிவன் கோயில் நிலம். தெற்கே "ஊர் வெட்டியான்"னு போட்டு ஒரு பேரு, அப்புறம் "மானியம்".

கடைமடை வாத்தியார் | மறுநாள்

அம்மா, அந்தத் தெற்கு எல்லையில் இருக்கும் பெயரை இங்கே போடாமல் தனிமடலில் ஊர்ப் பெயரோடு எனக்கு அனுப்ப முடியுமா? ஊழிய மானியம் என்றால் இனாம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அதில் அவருக்கும் முந்தின தலைமுறைப் பெயர் வயதோடு இருக்கும். என்னிடம் படித்த பையன் ஒருவன் அந்தப் பக்கம்தான். அவன் குடும்பம் அதே வேலை பார்த்தது. தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது என்று என்னிடம் சொன்னவன். அவனுடையதாக இல்லாமலும் போகலாம். எழும்பூரில் மனுவை நான் போட்டுக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரை | மறுநாள்

அனுப்பிட்டேன் ஐயா. அந்தப் பேர்ல மூணாவது எழுத்து 'ன'வா 'ந'வான்னு எனக்குச் சரியாத் தெரியல. போட்டோவும் சேர்த்து வச்சிருக்கேன், நீங்களே பாருங்க.